ஒட்டு இமை உதிராமலிருக்க

காலையில் எழுந்ததும் அவள் முதலில் மாமனாரைப் புரட்டிப் படுக்கவைப்பாள். இடப்பக்கம் இருந்தவரை வலப்பக்கம். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்று. டயபரை மாற்றுவாள். துடைப்பாள். பவுடர் போடுவாள். அடுப்பில் வெந்நீர் வைப்பாள். அது கொதிப்பதற்குள் காபி கலப்பாள். கணவன் குடிப்பான். மாமனாரை நிமிர்த்தி உட்காரவைத்து, தலைக்கு மேல் துண்டைப் போட்டு ஆவி பிடிக்கவைப்பாள். அவரால் கழுத்தை நிறுத்த முடியாது. அதனால் துண்டுக்குள் அவள் தலையும் இருக்கும். சளி இளகி வரும். துடைப்பாள். செயலிழந்த கையிலும் காலிலும் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவாள். மடங்கிக் கிடக்கும் விரல்களை ஒவ்வொன்றாக விரிப்பாள். காயை வேகவைத்து, மசித்து, ஊட்டுவாள். கணவன் குளித்துவிட்டு வந்து சட்டைக்கு இஸ்திரி போட்டாயிற்றா என்று கேட்பான். போட்டிருக்கும்.

பெரியவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. துணிக்கடையில் பார்த்த வேலையை அவள் விட்டாள். விடு என்று யாரும் சொல்லவில்லை. விட வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. இரவில் அவரைப் புரட்டிவிட வேண்டும், இல்லையென்றால் படுக்கைப் புண் வரும் என்று மருத்துவர் சொன்னபோது எல்லாரும் தலையாட்டினார்கள். அன்று மாலை அவள் தன் தலையணையை எடுத்துக்கொண்டு மாமனார் அறைக்கு மாறினாள். ஒடுக்கமான மடக்குக் கட்டில். அவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

ஒருநாள் காலை கணவனிடம் சட்டையை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

“மத்தியானம் லாஷ் அக்காகிட்ட போயிட்டு வரணுங்க. நீங்க கொஞ்சம் வந்து மாமாகூட இருக்கணும்.”

“மறுபடியுமா? இப்பத்தானே போயிட்டு வந்தே?”

“கொட்டிடுச்சு.”

“ஊருல எல்லாருக்கும் மூணு வாரம் நிக்குதாம். உனக்கு மட்டும் வாரா வாரம் கொட்டுது. அது இமையா, மரத்துல இருக்கற இலையா?”

“நான் என்ன வேணும்னா பண்றேன்?” என்று கேட்டுவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள்.

லாஷ் என்றால் ஒட்டு இமை: சொந்த இமைமுடி ஒவ்வொன்றின் மேலும் ஒரு மெல்லிய செயற்கை முடியைப் பசையால் ஒட்டுவார்கள். கண் பெரிதாகத் தெரியும். அவளுடைய தங்கை ஒருமுறை தனக்கு ஒட்டிக்கொள்ளப் போனபோது இவளையும் இழுத்துக்கொண்டு போனாள். அதிலிருந்து பிடித்துக்கொண்டது. கணவனுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவனுக்குச் சங்கடம் வேறு இடத்தில். அவள் போகும் மத்தியானங்களில் அப்பாவோடு அவன் தனியாக இருக்க வேண்டும்.

அவன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். மாணவர்கள் வைத்த பெயர் பிரேக் மாஸ்டர். யாருடைய பதற்றத்தையும் தாங்குவான். அப்பாவின் உடம்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அவன் சின்ன வயதில் அவர் ஒரு பார்வை பார்த்தால் போதும், வீடே அடங்கும். அந்த மனிதர் இப்போது வாயோரம் எச்சில் வடியக் கிடந்தார்.

மத்தியானம் அவள் போன கொஞ்ச நேரத்தில் அறையில் நாற்றம் எழுந்தது. அவனுக்குப் புரிந்தது. எழுந்து ஜன்னலைத் திறந்தான். “அவ வந்துடுவாப்பா” என்றான். பெரியவர் சுவரைப் பார்த்தார். மகன் போனைப் பார்த்தான். இப்படியே அவள் வரும்வரை இருந்தார்கள்.

அவள் வந்தாள். முகம் தெளிந்திருந்தது. இமைகள் கறுத்து வளைந்திருந்தன. வாசலிலேயே மூக்கைச் சுருக்கினாள். பையை வைத்துவிட்டு நேராக உள்ளே போய்ப் போர்வையை விலக்கினாள்.

“ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?”

“பண்ணி? நீ கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருப்பே.”

அவள் டயபரை மாற்றினாள். அவன் கூடத்தில் நின்று ஒரு முடிவுக்கு வந்தான். இந்த இமை நீண்ட நாள் நிற்க வேண்டும். நின்றால் அவள் அடிக்கடி போக மாட்டாள்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் அவன் லாஷ் அக்காவின் பார்லருக்குப் போனான். செருப்புக் கடைக்கு மேல் மாடி. ஒரு கட்டில், ஒரு வளைய விளக்கு, இடுக்கிகள் வரிசையாக வைத்த தட்டு. லாஷ் அக்காவுக்கு அவனைவிட வயது குறைவு. இருந்தாலும் வருகிற எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகி, இப்போது அவளைப் பெற்றவளே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

“சார், ஆம்பளைங்களுக்கு முடி வெட்டறது எதிர்த்த கடைல.”

“எனக்கில்லங்க. என் வீட்டுக்காரிக்கு நீங்க ஒட்டினது நிக்கவே மாட்டேங்குது. பசை டூப்ளிகேட்டா?”

அவள் இடுக்கியைக் கீழே வைத்தாள். “பசையை மட்டும் குறை சொல்லாதீங்க. என் சோறே அதுலதான் ஒட்டியிருக்கு. யாரு உங்க வீட்டம்மா?”

அடையாளம் சொன்னான். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

“அவங்களா! எனக்கே புரியல சார். வரும்போதெல்லாம் வேர்ல எண்ணெய்ப் பிசுக்கு. எண்ணெய் பட்டா பசை விட்டுடும். சொன்னா சரி சரிங்கறாங்க. மறுபடி அதே பிசுக்கு.”

“ரூல்ஸ் சொல்லுங்க. எதைச் செய்யணும், எதைச் செய்யக் கூடாது. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

லாஷ் அக்கா ஒரு பொம்மைத் தலையை எடுத்து வைத்துக் காட்டினாள். கண்ணைக் கசக்கக் கூடாது. எண்ணெய் கிட்டவே வரக் கூடாது. சூடான ஆவி முகத்தில் படக் கூடாது. குப்புறப் படுக்கக் கூடாது, ஒருக்களித்தும் படுக்கக் கூடாது, தலையணையில் உரசி முடி ஒடியும். எண்ணெய் கலக்காத நுரையைத் தொட்டுத் தினமும் மெதுவாகக் கழுவி, ஒற்றி எடுத்து, குட்டி பிரஷால் சீவிவிட வேண்டும்.

“கழுவணுமா? தண்ணி பட்டா போயிடாதா?”

“இப்படித்தான் எல்லாரும் பயந்துக்கிட்டு மூஞ்சியே கழுவாம திரியறாங்க. ஒட்டின அன்னைக்கு மட்டும்தான் தண்ணி வேணாம். அப்புறம் கழுவாம விட்டா அழுக்கு சேந்து இமை வீங்கிடும். அப்ப என்கிட்ட வந்து பிரயோஜனமில்ல, கண் டாக்டர்கிட்டதான் போகணும்.”

அவன் கேட்டதையெல்லாம் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தான். நுரையும் பிரஷும் வாங்கிக்கொண்டான். கிளம்பும்போது அவள் சொன்னாள்.

“ஆனா உங்க வீட்டம்மா மாதிரி ஒருத்தர் கிடைக்க மாட்டாங்க சார். மத்தவங்க படுத்துக்கிட்டு ஊர்க்கதை பேசுவாங்க, இமை ஆடும். இவங்க கீழ் இமைல டேப் ஒட்டறதுக்குள்ள தூங்கிடறாங்க. குறட்டை வேற.”

“குறட்டையா? ஆளை மாத்திச் சொல்றீங்க. அவ குறட்டை விட்டு நான் கேட்டதே இல்ல.”

“அப்ப வீட்ல தூங்கலையோ என்னவோ” என்று சிரித்தாள்.

அவனும் சிரித்தான். அவனுக்கு அது வேடிக்கையாக மட்டும்தான் பட்டது.

அடுத்த நாள் காலை அவள் துண்டை எடுத்தபோது அவன் குறுக்கே வந்தான்.

“இனிமே ஆவி நான் பிடிக்கவைக்கறேன்.”

“நீங்களா?”

“லாஷுக்கு ஆவி ஆகாது. எண்ணெயும் ஆகாது. அதையும் நானே தேய்க்கறேன்.”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். துண்டைக் கொடுத்துவிட்டாள்.

முதல் நாள் அப்பாவின் தலை பாத்திரத்தை நோக்கிச் சரிந்தது. பிடிக்கப்போய்த் தன் முழங்கையைச் சுட்டுக்கொண்டான். சளி அவன் சட்டையில் விழுந்தது. அன்று வகுப்புக்குத் தாமதமாகப் போனான். வண்டியில் தைல வாசனை அடிக்கிறது என்று ஒரு மாணவன் கண்ணாடியை இறக்கினான். நாளாக நாளாகக் கை பழகியது. மூடிக் கிடக்கும் விரல்களைக் கட்டைவிரலிலிருந்து பிரிக்கத் தொடங்கினால் எளிதாக விரிகின்றன என்று கண்டுபிடித்தான். அதை அவளிடம் பெருமையாகச் சொன்னான். அவளுக்கு அது ஒரு வருடமாகத் தெரியும். “அப்படியா” என்றாள். பெரியவர் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவ்வப்போது மகனைப் பார்த்தார்.

லாஷ் அக்கா சொன்ன விதிகளில் டயபர் இல்லை. இரவில் எழுந்து புரட்டுவதும் இல்லை. அதனால் அவை அவள் பக்கமே இருந்தன.

“மல்லாந்து படுக்கறியா?”

“அவர் பக்கம் திரும்பிப் படுத்தாத்தாங்க அவர் அசையறது தெரியும்.”

“மல்லாந்து படு. முடி ஒடிஞ்சிடும்.”

தினமும் வேலைக்குப் போகுமுன் அவளை ஜன்னலோரம் நிறுத்துவான். “மூடு. திற. மறுபடி மூடு.” வண்டியின் இண்டிகேட்டரைச் சோதிப்பதுபோல் இரண்டு கண்களையும் சோதிப்பான். ஒரு முடிகூட விழவில்லை. ஒரு வாரம் போயிற்று. அடுத்த வாரமும் போயிற்று. அவளுக்கு லாஷ் அக்காவிடம் போகக் காரணம் கிடைக்கவில்லை.

அவள் பாத்திரங்களைக் கைதவற விட்டாள். உப்பை இரண்டு முறை போட்டாள். ஒருநாள் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் வெகுநேரம் நின்றாள். பெரியவர் அதைப் படுக்கையிலிருந்து பார்த்தார். அவரால் சொல்ல முடியவில்லை. கணவன் இமைகளை மட்டும் பார்த்தான். அவை நன்றாக இருந்தன.

வாரக் கடைசியில் அவனுடைய அக்கா போன் செய்வாள். வேறு ஊரில் இருந்தாள். பஸ்ஸில் அரை நாள் பயணம். “அப்பா எப்படி இருக்கார்?” என்று ஆரம்பித்து, “நம்ம வீட்டுக்கு வந்த தெய்வம்டா அவ” என்று முடிப்பாள். ஒருத்தியைத் தெய்வம் என்று சொல்லிவிட்டால் மாற்று ஆள் தேட வேண்டியதில்லை.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், மாணவிக்குக் காய்ச்சல் என்று வகுப்பு ரத்தானது. அவன் வீட்டுக்கு வந்தான். கூடத்தில் யாருமில்லை. குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அவள் கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். பக்கத்தில் அப்பாவுக்குத் தேய்க்கும் எண்ணெய்ப் புட்டி, மூடி கழற்றியபடி. கையில் காது குடையும் பஞ்சுக் குச்சி. அதை எண்ணெயில் தொட்டு, மூடிய இமையின் வேரோடு இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை இழுத்தாள். பொறுமையாக இழுத்தாள். வாஷ்பேசின் விளிம்பில் கறுப்பு முடிகள் கிடந்தன.

“என்ன பண்றே?”

அவள் திடுக்கிடவில்லை. குச்சியைக் கீழே போடவுமில்லை.

“பாத்தா தெரியல?”

“உனக்கென்ன கிறுக்கா? தினம் காலைல நான் அந்த ஆவில வெந்து சாகறேன். எதுக்கு? இதுக்கா? நீயே எண்ணெய் வைக்கறியா?”

“ஆமா.”

“முன்னாடியும்?”

“முன்னாடியும்.”

“ஏன்?”

அவள் புட்டியை மூடினாள். கவிழ்த்துவைத்த வாளியின்மேல் உட்கார்ந்தாள்.

“கொட்டினாத்தானே போக முடியும்.”

“எங்க?”

“லாஷ் அக்காகிட்டதான். வேற எங்க போறேன் நான்? அங்க படுத்தா ரெண்டு மணி நேரம் கண்ணைத் திறக்கக் கூடாதுங்க. திறந்தா பசை எரியும். யாரு கூப்பிட்டாலும் எழுந்திரிக்க முடியாது. என்னைப் பாத்து, கண்ணைத் திறக்காதீங்கன்னு சொல்ற ஒரே இடம் அதுதான். மொத தடவை தங்கச்சி கூட்டிட்டுப் போனப்ப என்னையறியாம தூங்கிட்டேன். எழுப்பினப்ப எங்க இருக்கேன்னே தெரியல. அவ்வளவு நல்லா இருந்துச்சு. நீங்கல்லாம் இமை அழகா இருக்குன்னீங்க. எனக்கு இமை வேணாங்க.”

“தூக்கம் வந்தா வீட்லயே தூங்க வேண்டியதுதானே? நான் வேணாம்னா சொன்னேன்?”

“தூங்கப் போறேன்னா, அப்பாவை யாரு பாத்துக்கறதுன்னு கேப்பீங்க. பார்லருக்குப் போறேன்னா, சீக்கிரம் வான்னு மட்டும்தான் சொல்வீங்க.”

அவள் சொன்னது அப்படியே அவன் சொல்லக்கூடியதுதான். அவளுடைய குறட்டையைத் தான் ஏன் கேட்டதில்லை என்பது அப்போது அவனுக்கு விளங்கியது.

தூக்கம் வருகிறது என்று சொன்ன எந்த மாணவனையும் அவன் ஓட்டவிட்டதில்லை. உடனே ஓரம் கட்டி, இறக்கி, பின்சீட்டில் உட்காரவைப்பான். இவளை ஒரு வருடமாக ஓட்டவிட்டிருந்தான். கண்ணாடி பளபளப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருந்தான்.

“ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிக்கறே?”

“எண்ணினா மிச்சத் தூக்கமும் போயிடும். அதனால எண்ணறதில்ல.”

உள்ளே பெரியவர் முனகினார். அவள் எழுந்தாள்.

“நீ இரு.”

“டயபர் மாத்தணுங்க.”

“நான் மாத்தறேன்.”

“உங்களுக்குத் தெரியாது.”

“சொல்லிக் கொடு.”

“சொல்லிக் கொடுக்கற நேரத்துல நானே மாத்திடுவேன்.”

“என் வண்டில ஏறுறவங்ககிட்ட நான் இப்படிச் சொன்னா எனக்கு வேலையே இருக்காது. சொல்லு.”

அவள் அறை வாசலில் சாய்ந்து நின்றுகொண்டாள். ஒரு கண்ணில் இமை அடர்ந்திருந்தது, மறு கண்ணில் பாதி கொட்டியிருந்தது. அந்தக் கோலத்தில் அவள் கட்டளையிட, பிரேக் மாஸ்டர் கற்றுக்கொண்டார்.

“மொதல்ல உங்க பக்கம் உருட்டுங்க. இடுப்பைப் பிடிங்க. ஐயோ, காலைப் பிடிச்சு இழுக்காதீங்க, அவர் என்ன அரிசி மூட்டையா? துடைக்கும்போது முன்னாடியிருந்து பின்னாடி. மூச்சைப் பிடிச்சுக்காதீங்க, நீங்க மயங்கி விழுந்தா உங்களையும் நான்தான் தூக்கணும்.”

பெரியவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். மகன் தன்னைத் துடைப்பதற்கு அவர் கூசினார். இத்தனை நாள் அவன் துடைக்காமலிருந்தது அதைவிடக் கூச்சமாக இருந்தது. ஒட்டி முடித்து அவன் நிமிர்ந்தபோது அவர் கண்ணைத் திறந்து கீழே பார்த்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது.

“தப்பு” என்றார். தெளிவாக வந்தது.

டயபரின் பின்பக்கம் முன்னால் இருந்தது. அவள்தான் முதலில் சிரித்தாள். பெரியவருக்குத் தோள் குலுங்கியது. அவன் கழற்றிவிட்டு மறுபடி போட்டான். இரண்டாவது முறை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கையைக் கழுவியதும் அவன் அக்காவுக்குப் போன் செய்தான்.

“அக்கா, ஞாயித்துக்கிழமை காலைல கிளம்பி வந்துடு. ராத்திரி தங்கற மாதிரி வா.”

“ஐயோ, என்னடா ஆச்சு அப்பாவுக்கு?”

“அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. உன் முறை.”

“என்னடா முறை? எனக்கு முட்டி வலி தெரியுமில்ல?”

“உக்காந்துக்கிட்டே ஊட்டலாம்.”

“அவதான் தெய்வம் மாதிரி பாத்துக்கறாளே…”

“தெய்வத்துக்கு லீவு விட்டாச்சு. அவர் உனக்கும் அப்பாதானே? வா.”

கோபித்துக்கொள்வாள் என்று அவன் நினைத்தான். “சரி, மொத பஸ் எத்தனை மணிக்குன்னு பாக்கறேன்” என்றாள் அக்கா. குரல் சின்னதாகியிருந்தது.

அவன் மனைவியிடம் திரும்பினான். “ராத்திரி ஒருநாள் நீ, ஒருநாள் நான். என் நாளுக்கு மறுநாள் காலைல வகுப்பு வச்சுக்க மாட்டேன். சாயங்காலத்துக்கு மாத்திக்கறேன். இன்னைக்கு நான். நீ போய்ப் படு.”

“இப்பவா? பட்டப்பகல்ல?”

“இப்பத்தான்.”

அவள் ஒரு வருடமாகப் படுக்காத தங்கள் அறைக்குள் போனாள். அவன் பின்னாலேயே போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டான். பழக்கதோஷத்தில், “மல்லாந்து படு” என்று தொடங்கி, பாதியில் நிறுத்தினான்.

பிறகு பயிற்சிப் பள்ளியில் இந்தக் கதையை அவன் பலருக்குச் சொன்னான். வீட்டில் படுத்திருக்கிறவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள், பார்த்துக்கொள்கிறவர்கள் எப்போது தூங்குகிறார்கள் என்று புதிதாக வரும் மாணவர்களிடமெல்லாம் கேட்டான். சொல்லி முடிக்கும்போது, அன்று தன் மனைவி கண்கலங்கிக் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னதாகச் சேர்த்துக்கொள்வான். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவள் சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். மிச்சமிருந்த இமைகள் நசுங்க முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டாள். தூங்குவதற்கு முன் அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்.

“லாஷுக்கு ஆவி ஆகாது, எண்ணெய் ஆகாது, கசக்கினா ஆகாதுன்னு பாத்துப் பாத்து செஞ்சீங்களே, தூக்கமில்லாட்டி எனக்கும்தாங்க ஆகாது. படுத்தவரைப் பாத்துக்கறது வீட்ல இருக்கற எல்லாரோட வேலை, மருமக ஒருத்தி வேலையில்ல. கதவைச் சாத்திட்டுப் போங்க.”